அவசரம்: ஒரு செர்வரை ரீபூட் செய்தால் கிளஸ்டர் முழுவதும் நின்றுவிடுகிறது

நள்ளிரவுப்பணி:
பேஸ்மேக்கர் கிளஸ்டர் (ஒரு செர்வர் விழுந்தால் அதன் வேலையை மற்றது எடுத்துக்கொள்ளும் கூட்டு). அப்டேட்டுக்காக ஒரு செர்வரை ரீபூட் செய்தேன். மற்றவற்றில் ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸ், விர்ச்சுவல் ஐபி எல்லாம் நின்றுவிட்டன. குவோரம் (கிளஸ்டர் இயங்கத் தேவையான பெரும்பான்மை வாக்கு) போய்விட்டது என்று லாக் சொல்கிறது. ரீபூட் செய்தது இன்னும் எழவில்லை. உடனே உதவி தேவை.

வடக்குமூலை:
மொத்தம் எத்தனை நோடு (கிளஸ்டரில் உள்ள செர்வர்)? நோடுகளை இணைத்து வாக்கை எண்ணும் கோரோசிங்க் எந்தப் பதிப்பு?

கம்பிக்காரன்:
நெட்வொர்க்தான், சந்தேகமே வேண்டாம். கோரோசிங்க் பேசும் யூடிபி 5405 போர்ட் ஃபயர்வாலில் திறந்திருக்கிறதா? எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) சரியா? பழைய பதிப்புகளில் டோக்கன் நேரம் (பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்) 1000 மில்லிநொடிதான். ஸ்விட்ச் சற்றுத் திணறினாலே நோடு செத்துவிட்டதாக முடிவு கட்டிவிடும்.

மூத்தநிர்வாகி:
நோடுக்கு ஒரு வாக்கு. பாதிக்கு மேல் வாக்கு இருந்தால்தான் குவோரம். மொத்த எண்ணிக்கையே இல்லாத கேள்விக்குச் சோழி உருட்டியா பதில் சொல்வது? ஆவணத்தைப் படித்துவிட்டுக் கேட்கும் பழக்கம் அழிந்தேவிட்டது.

நள்ளிரவுப்பணி:
3 நோடு. நெட்வொர்க்கில் கோளாறு இல்லை.

வடக்குமூலை:
மூன்றில் ஒன்று போனாலும் 2 வாக்கு மிஞ்சுமே, நிற்கக் கூடாது. வாக்கு நிலையைச் சொல்லும் கோரோசிங்க்-குவோரம்டூல் கட்டளை காட்டுவதை அப்படியே போடுங்கள்.

குறுக்குவழி:
அதுவரை, குவோரம் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று சொல்லும் நோ-குவோரம்-பாலிசியை இக்னோர் (பொருட்படுத்தாதே) என்று மாற்றுங்கள். எல்லாம் எழுந்துவிடும்.

மூத்தநிர்வாகி:
எழும், இரண்டு பக்கமும் எழும். பிரிந்துபோன இரு பாதிகளும் ஒரே வட்டில் எழுதினால் ஃபைல்சிஸ்டத்தை நீங்கள் வந்து மீட்டுத் தருவீர்களா?

குறுக்குவழி:
இரண்டே நோடு உள்ள கிளஸ்டருக்கான டூ-நோடு அமைப்பும் அதைத்தானே செய்கிறது?

மூத்தநிர்வாகி:
இல்லை தம்பி. அதைப் போட்டாலே வெயிட்-ஃபார்-ஆல் தானாகச் சேர்ந்துகொள்ளும். முதன்முறை எழும்போது இரண்டு நோடும் ஒன்றையொன்று பார்த்தாக வேண்டும். பிறகு தொடர்பு அறுந்தால் ஒன்று மற்றதை வலுக்கட்டாயமாக அணைக்க ஸ்டோனித் என்ற வசதி வேண்டும். இக்னோரில் இந்தக் காவல் எங்கே இருக்கிறது?

கம்பிக்காரன்:
எதற்கும் எம்டியூவை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நள்ளிரவுப்பணி:
எக்ஸ்பெக்டட் வோட்ஸ் (எதிர்பார்க்கும் வாக்கு) 4, டோட்டல் வோட்ஸ் (இப்போது இருக்கும் வாக்கு) 2, குவோரம் 3, ஆக்டிவிட்டி பிளாக்ட் (இயக்கம் நிறுத்தம்).

வடக்குமூலை:
நான்காவது நோடு எது?

நள்ளிரவுப்பணி:
பழைய செர்வர். ரேக்கிலிருந்து கழற்றி வெகுநாளாகிறது. அதுவும் கணக்கில் வருமா?

வடக்குமூலை:
நோடுலிஸ்டில் பெயர் இருக்கும்வரை வரும். நான்குக்குக் குவோரம் 3. உயிரோடு இருந்த மூன்றும் அந்த விளிம்பில்தான் நின்றிருக்கின்றன. ஒன்று இறங்கியதும் முடிந்தது. கிளஸ்டரை நிர்வகிக்கும் பிசிஎஸ் கட்டளையால் பழைய நோடை நீக்குங்கள். அது பதில் தராது என்பதால் ஸ்கிப்-ஆஃப்லைன் (எட்டாத நோடை விட்டுவிடு) சேர்க்க வேண்டியிருக்கும். ரீபூட்டில் இருப்பதும் இப்போது எட்டாது. எழுந்ததும் அதன் கோரோசிங்க் அமைப்புக் கோப்பைச் சரிபாருங்கள். கழற்றிய செர்வரிலும் பழைய அமைப்பை அழித்துவிடுங்கள். யாராவது அதை மீண்டும் இயக்கினால் சேர முயலும்.

இரட்டைப்படை:
நான்கு நோடு வைப்பதே வீண். மூன்றைப் போலவே ஒரே ஒரு இழப்பைத்தான் தாங்கும். நான்குதான் வேண்டுமென்றால் கியூடிவைஸ் (வெளியிலிருந்து கூடுதல் வாக்கு தருவது) சேருங்கள்.

மூத்தநிர்வாகி:
வீண் எப்படி? சுமையைப் பகிர நான்காவது உதவாதா? குவோரம் ஒன்றுக்காகவா நோடு வாங்குகிறோம்?

இரட்டைப்படை:
ஹெச்ஏ (தடையில்லாச் சேவை) பற்றிப் பேசும்போது சுமை எங்கிருந்து வந்தது?

நள்ளிரவுப்பணி:
நீக்கிவிட்டேன். இப்போது 3, குவோரம் 2. டேட்டாபேஸ் ஓடுகிறது. நன்றி.

வடக்குமூலை:
மகிழ்ச்சி. ஸ்டோனித் இயக்கத்தில் இருக்கிறதா? ரீபூட் செய்தது எழுந்து சேர்ந்துவிட்டதா?

குறுக்குவழி:
இக்னோர் போட்டிருந்தால் இதற்குள் தூங்கியிருப்பார்.

வடக்குமூலை:
நள்ளிரவுப்பணி, ஸ்டோனித் பற்றிச் சொல்லவில்லையே?