கென்ஷின் இம்பாக்ட்: எதிரணியில் நிற்கும் உடன்பிறப்பு வில்லன்தானா? விளக்கம் தேவை

அனைவருக்கும் வணக்கம். 2020இல் வெளியான கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டில், ஈத்தர், லூமின் என்னும் இரட்டையருள் நாம் தேர்ந்தெடுக்காதவரே அபிஸ் ஆர்டர் என்னும் பகைக்கூட்டத்தை வழிநடத்துகிறார் என்றாலும், அவர் உண்மையான வில்லன் அல்லர் என்ற கோட்பாட்டை விளக்கிக் கட்டுரை ஒன்று எழுதி வருகிறேன். கதையில் 500 ஆண்டுகளுக்கு முன் கேன்ரியா என்னும் நாடு தெய்வங்களால் அழிந்த துயரமே அவரைத் தெய்வங்களுக்கு எதிராகத் திருப்பியது என்பது என் துணிபு. ஆயினும், அதே கேன்ரியாவைச் சேர்ந்தவரும், முன்பு அந்த உடன்பிறப்புடன் ஒன்றாகப் பயணம் செய்தவருமான டைன்ஸ்லீஃப் என்னும் கதாபாத்திரம் இன்று அவரையே எதிர்ப்பது என் வாதத்தைத் தளரச் செய்கிறது. அந்த நாட்டை இழந்த வேதனை டைன்ஸ்லீஃபுக்கும் உண்டல்லவா? இந்த முரணை விளக்கக்கூடிய உரையாடல்கள் எந்தக் கதைப்பணியில் வருகின்றன என்பதை அறிந்தவர்கள் தெரிவித்து உதவுமாறு வேண்டுகிறேன். ஊகங்களையும் மகிழ்ச்சியுடன் வரவேற்கிறேன்; அவற்றை ஊகம் என்றே குறிப்பிட்டால் போதும்.