யானைக்கு யானை

சதுரங்கத்தில் நான் தோற்பதற்கெல்லாம் ஓப்பனிங், அதாவது தொடக்க நகர்த்தல்கள், தெரியாததே காரணம் என்று பல ஆண்டுகளாக நம்பியிருந்தேன். சென்ற கோடை விடுமுறையில், இரண்டு ஆண்டுகளில் போட்டிகளில் ஆடிய 46 ஆட்டங்களின் நகர்த்தல்களைக் குறித்துவைத்த தாள்களை எடுத்து, கணினியின் உதவியை நாடாமல், பலகையில் காய்களை வைத்து ஒவ்வொன்றாக மறுபடி ஆடிப் பார்த்தேன். தோற்றவை 19. அவற்றில் ஓப்பனிங்கிலேயே கவிழ்ந்தவை மூன்றுதான். எட்டு ஆட்டங்களில், யாரும் கேட்காமலே நானாக வெட்டுக்கு வெட்டுப் போட்டு, காய்க்குக் காய் மாற்றிக்கொண்டு, சமமாக இருந்த நிலையைக் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த எட்டில் ஒன்று இன்றும் உறுத்துகிறது. ஆளுக்கு 90 நிமிடமும் நகர்த்தலுக்கு 30 விநாடிக் கூடுதலும் கொண்ட ஆட்டம் அது. எதிரே பதினொரு வயதுச் சிறுமி. நாற்காலியில் அமர்ந்தால் அவளுக்குக் கால் தரையில் எட்டவில்லை. மூன்றரை மணி நேரம் கடந்தபின் அவளிடம் ராஜா சி4-லும் (எழுத்து நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் குறிக்கும்), யானை டி5-லும், ஒரே சிப்பாய் ஈ4-லும் எஞ்சியிருந்தன. என்னிடம் ராஜா எஃப்7-லும், யானை டி1-லும் இருந்தன. யானையை ஈ1-க்கு நகர்த்திச் சிப்பாயைத் தாக்கியிருந்தால் டிரா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் யானைகள் ஒழிந்தால் தலைவலி ஒழியும் என்ற எண்ணத்தில் டி5-ல் வெட்டினேன். அவள் சிப்பாயால் திருப்பி வெட்டுவாள், என் ராஜா ஈ7-க்கு வந்து, அந்தச் சிப்பாய் கடைசிக் கட்டத்தை எட்டி ராணியாகாமல் தடுத்துவிடும் என்பது என் கணக்கு. அவள் விரல்களை மடக்கி எதையோ எண்ணிவிட்டு ராஜாவால் வெட்டினாள். நான் ஈ7-க்கு வர, அவள் ஈ5-ல் நேர் எதிரே வந்து நின்றாள். நகர்த்தும் முறை என்னுடையது என்பதால், வழிவிட வேண்டியது என் ராஜாதான். அதன்பின் ஆடியது வெறும் சடங்கு.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் 14-வது ஆட்டத்தை நேரலையில் பார்த்தபோது, அப்போதைய சாம்பியன் டிங் லிரென் 55-வது நகர்த்தலில் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்து, யானைக்கு யானை மாற்ற வழிவிட்டதும் எனக்குப் பகீரென்றது. டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஆட்டம் அது. யானைகள் வெட்டுப்பட்டவுடன் ஏ8 மூலையில் சிக்கியிருந்த அவரது மந்திரியையும் டி5-ல் மாற்றிக்கொள்ளும்படி குகேஷ் செய்தார். ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் எஞ்சிய ஆட்டம் டிங்குக்குத் தோல்வி. நெடுநேரம் ஆடியபின் அப்படித் தவறவைக்கும் களைப்பின் ஒரு துளியையாவது நான் அறிவேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். (ஆட்டத்திறனைக் காட்டும் எண்ணான என் ரேட்டிங் 1,250 ஆக இருந்தது. 2024 மார்ச்சில் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே குறைந்தபட்ச அளவை 1,400 ஆக உயர்த்தி, 2,000-க்குக் கீழே இருந்தவர்களின் எண்களையும் ஏற்றியபோது, ஒரு காயைக்கூட நகர்த்தாமல் 1,550 ஆனேன்.)

இப்போதெல்லாம் வெட்டுவதற்கு முன்பு, எதிராளி எந்தக் காயால் திருப்பி வெட்டலாம் என்பதை இரண்டு விதமாகவேனும் பார்த்துவிட்டே கையை நீட்டுகிறேன். சென்ற மாதம் ஒரு பெரியவர் மூன்று முறை யானையை மாற்றிக்கொள்ள அழைத்தார். மூன்று முறையும் பிடிவாதமாக விலகினேன். வீட்டுக்கு வந்து தாளைப் பார்த்தபோதுதான், மூன்றாவது முறை வெட்டியிருந்தால் நான் வென்றிருப்பேன் என்று தெரிந்தது.