640 ஸ்கேன் இருக்கு, தேடுனா ஒண்ணும் மாட்ட மாட்டேங்குது. எந்த சாஃப்ட்வேர் போடலாம்?

பெரம்பூர் பையன்:

வணக்கம் மக்களே. எங்க ஏரியால ஒரு பழைய படிப்பகம் இருக்கு, அந்தக் காலத்துல மில்லுக்கு வேலைக்குப் போனவங்க ஆரம்பிச்சது. இப்ப மேல ஷீட் ஒழுகி ரெண்டு மழைல பாதி அலமாரி போயிடுச்சு. மிச்சத்தயாவது காப்பாத்தலாம்னு நாங்க மூணு பேரு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஒக்காந்து ஸ்கேன் பண்ணோம். சங்க ஆண்டு மலர், துண்டுப் பிரசுரம், காலணா விலை போட்ட குஜிலி பாட்டுப் புத்தகம் (தெருவுல வித்த மலிவுப் பாட்டு), கையெழுத்துப் பத்திரிகை கூட ரெண்டு கிடைச்சுது. மொத்தம் 640 சொச்சம் பிடிஎஃப்.

இப்ப பிரச்சனை என்னன்னா ஹார்ட் டிஸ்க்ல 'தொழிலாளர்', 'பாட்டு', 'பழசு', 'பழசு 2', 'செக் பண்ணணும்'னு ஃபோல்டர் ஃபோல்டரா கிடக்குது. ஒரு ஷீட்டும் இருக்கு, ஆனா மூணு பேரும் அவங்கவங்க இஷ்டத்துக்கு டைப் பண்ணி வெச்சிருக்கோம். போன வாரம் ஒரு பிஎச்டி பொண்ணு வந்து, 1918ல சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பிச்சதப் பத்தி எதுனா இருக்கானு கேட்டாங்க. இருக்கு, நானே ஸ்கேன் பண்ணேன். ஷீட்ல 'தொழிலாளர்'னு தேடுறேன், அந்த மலர் மட்டும் வரவே இல்ல. ரெண்டு மணி நேரம் கழிச்சு 'பழசு 2' உள்ள ஐஎம்ஜி 0043ங்கற பேர்ல கிடைச்சுது. அவங்க ஒண்ணும் சொல்லல, ஆனா எனக்கு மானமே போச்சு.

டிஸ்பேஸ், ஒமேகா, கிரீன்ஸ்டோன்னு என்னென்னமோ சொல்றாங்க. கைல காசு கிடையாது. பின்னாடி பெரிய லைப்ரரிங்களோட ஷேர் பண்ற மாதிரியும் இருக்கணும். எது போடலாம்?

கார்டு பெட்டி:

தம்பி, சாஃப்ட்வேர் கேள்விய ஒரு மாசம் ஓரமா வை. நீ சொன்ன மூணுமே இலவசம்தான், மூணுமே நல்லதுதான். ஆனா இப்ப இருக்கற ஷீட்ட அப்படியே உள்ள ஏத்தினா அதே குழப்பம் கலர் கலரா தெரியும், அவ்வளவுதான்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல கேட்லாக் போட்டவ, அட்டைப் பெட்டி காலத்துலேந்து. அப்ப ஒரு புத்தகத்துக்கு ஒரே அட்டை கிடையாது, ஆசிரியர் பேருக்கு ஒண்ணு, தலைப்புக்கு ஒண்ணு, பொருளுக்கு ரெண்டு மூணுன்னு அடிப்போம். புத்தகம் ஒரு அலமாரிலதான் நிக்கும், ஆனா அஞ்சு வழியா அதுகிட்ட போகலாம். உன் ஃபோல்டர்தான் அலமாரி, ஒவ்வொரு ஃபைலப் பத்தியும் எழுதி வெக்கற விவரம், அதான் மெட்டாடேட்டா, அதுதான் அந்த அட்டை. நீ அட்டையே எழுதாம அலமாரிய மாத்தி மாத்தி அடுக்கிட்டு இருக்க. தொழிலாளர் பாட்டுப் புத்தகத்த 'தொழிலாளர்'ல போடுவியா 'பாட்டு'ல போடுவியா? மெட்ராஸ் யுனிவர்சிட்டி லைப்ரரில இருந்த நம்ம ரங்கநாதன் 1933லயே கோலன் வகைப்பாடு போட்டு இதுக்கு வழி சொன்னாரு, ஒரு நூலை ஒரே டப்பால அடைக்காம பல முகமா பிரிச்சுச் சொல்லுன்னு. நம்ம ஊர்லயே பொறந்த யோசனை, நாமளே இன்னும் 'பழசு 2'ல நிக்கறோம்.

உனக்கு டப்ளின் கோர் போதும், அட்டைல என்னென்ன விவரம் எழுதணும்னு சொல்ற ஒரு பொது முறை அது. பேரைப் பார்த்து அயர்லாந்துன்னு நினைக்காதே, அமெரிக்கால ஒஹாயோ மாநிலத்துல ஒரு டப்ளின் இருக்கு, 1995ல அங்க கூடிப் பேசி ஆரம்பிச்சது. மொத்தம் 15 புலம்தான், அதாவது தலைப்பு, ஆக்கியவர் மாதிரி நிரப்பற கட்டம், எதுவும் கட்டாயம் இல்ல, எதையும் எத்தனை தடவை வேணும்னாலும் போடலாம். அதனால பொருள்ங்கற புலத்துல தொழிலாளர், பாட்டு, பெரம்பூர்னு மூணும் தனித்தனியா போட்டுக்கோ, சண்டையே வராது.

தகராறு வர்றது பேர்லதான். உங்க மலர்கள்ல திரு.வி.க. கட்டாயம் இருப்பாரு, அந்தச் சங்கத்துலயே இருந்தவராச்சே. ஒரு மலர்ல 'திரு.வி.க.'ன்னு இருக்கும், ஒண்ணுல 'கலியாணசுந்தர முதலியார்', ஒண்ணுல 'கலியாணசுந்தரனார்'. தலைப்புப் பக்கத்துல என்ன இருக்கோ அத விவரக்குறிப்புல அப்படியே எழுது. ஆனா ஆக்கியவர் புலத்துல ஒரே வடிவம்தான் வரணும், மூணு பேரும் சேர்ந்து அத முடிவு பண்ணி தனியா ஒரு பேர்ப் பட்டியல் வெச்சுக்கோங்க. ஊர்ப் பேரும் அப்படித்தான், சென்னபட்டணம்னு அச்சாகியிருந்தா குறிப்புல சென்னபட்டணம், தேடற இடத்துல சென்னை.

உரிமைப் புலத்த காலியா விடாதே. நம்ம சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியர் காலமான பிறகு 60 வருஷம் இருக்கும். திரு.வி.க. 1953ல காலமானாரு, அதனால அவர் எழுத்து 2014லேந்து யார் வேணும்னாலும் போடலாம். அதே மலர்ல எழுதின மத்தவங்களுக்கு அது பொருந்தாது, ஒவ்வொருத்தரா பார்க்கணும். பின்பக்கத்துல உறுப்பினர் பேரு, வீட்டு விலாசம்னு பட்டியல் இருந்தா அந்தப் பக்கத்த வெளில விடறதுக்கு முன்னாடி சங்கத்துக்காரங்கள ஒரு வார்த்தை கேளு.

நைட் ஷிஃப்ட்:

மேடம் பேர் மேட்டர் சொன்னதும் எனக்கு ஒரு பழைய காயம் ஞாபகம் வந்துடுச்சு. ஒரு கலெக்‌ஷன்ல பேருக்கு முன்னாடி திரு., திருமதி, டாக்டர் எல்லாம் தூக்கிடலாம்னு ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டிட்டு நிம்மதியா டீ குடிக்கப் போயிட்டேன், வந்து பாத்தா திரு.வி.க. வெறும் 'வி.க.' ஆயிட்டாரு. அவரோட 'திரு' மரியாதைக்குப் போட்டது இல்ல, திருவாரூர். 200 சொச்சம் ரோ, பேக்கப் வேற எடுக்கல. இன்னைக்கும் ஆபீஸ்ல என்ன வி.க.னுதான் கூப்பிடறாங்க.

சரி விஷயத்துக்கு வரேன். பையா, 'தொழிலாளர்'னு தேடி அந்த மலர் வரலனு சொன்னல்ல, எனக்கு அங்கதான் டவுட்டு. யூனிகோட்ல 'தொ'வ ரெண்டு விதமா சேவ் பண்ணலாம், த கூட ஒகரக் குறி ஒரே துண்டா, இல்லனா ஒற்றைக்கொம்பு தனி கால் தனினு ரெண்டு துண்டா. கண்ணுக்கு அச்சு அசலா ஒண்ணுதான், கம்ப்யூட்டருக்கு வேற வேற வார்த்தை. உங்கள்ல யாராச்சும் பழைய ஃபாண்ட்ல அடிச்சு கன்வெர்ட் பண்றாங்களா? ஷீட் மொத்தத்தையும் ஒரு தடவை என்எஃப்சி நார்மலைசேஷன் பண்ணு, அதாவது இந்த ரெண்டு விதத்தையும் ஒரே விதமா மாத்து, பைத்தான்ல ஒரு வரி, இது சரியாயிடும்.

இன்னொண்ணு இருக்கு, அது என்எஃப்சிக்கும் அடங்காது. 'கௌரவம்'னு அடிக்கறதுக்கு பதிலா ஒற்றைக்கொம்பு போட்டு பக்கத்துல ள எழுத்த வெச்சு 'கெளரவம்'னு அடிப்பாங்க. ஸ்க்ரீன்ல ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், இத கையால தேடித்தான் மாத்தணும். ஓபன்ரிஃபைன்னு ஷீட்ட சுத்தம் பண்ற ஒரு இலவச டூல் இருக்கு, அதுல ஷீட்ட ஏத்தி ஒவ்வொரு நெடுவரிசைக்கும் டெக்ஸ்ட் ஃபேசட் போட்டுப் பாரு, ஒரே பேரு எத்தனை அவதாரத்துல இருக்குனு எண்ணிக்கையோட வரிசையா வந்து நிக்கும், பாத்தா சிரிப்பு வரும், அப்புறம் அழுகை வரும்.

சிஎஸ்வியா சேவ் பண்ணும்போது யுடிஎஃப்-8 செலக்ட் பண்ணு, இல்லனா தமிழ் பூராவும் கேள்விக்குறியா மாறிடும், மாறினா மாறினதுதான். ஃபைல் பேர தமிழ்லயோ தலைப்பாவோ வைக்காத, 0001, 0002னு நம்பர் மட்டும் வெச்சு அதே நம்பர அடையாள எண் புலத்துல போடு.

டீ கடை பெஞ்ச்:

இன்னாபா இது, பிஎச்டி பொண்ணு கேட்டதுக்கு நீங்களே பிஎச்டி பண்றீங்க. எல்லாத்தயும் இன்டர்நெட் ஆர்க்கைவ்ல தூக்கிப் போட்டு, படத்துலேந்து எழுத்தப் படிச்சு எடுக்கற ஓசிஆர் ஓட்டுனா உள்ள இருக்கற ஒவ்வொரு வார்த்தயும் தேடலாமே. இதுக்குப் போயி ஷீட்டு, புலம், பேர்ப் பட்டியல்னு... ஆளுங்க இருக்கறதே மூணு பேரு.

கார்டு பெட்டி:

ஓசிஆர் வேண்டாம்னு யாரு சொன்னா, போடட்டும். ஆனா காலணாப் புத்தகத்து அச்சு எப்படி இருக்கும்னு பார்த்திருக்கீங்களா? தேஞ்ச எழுத்து, பின்பக்க மசி முன்பக்கம் தெரியும், புள்ளி இருக்காது. ஓசிஆர் படிச்சா பாதி வேற பாஷையா வரும். சரியா படிச்சாலும் இன்னொரு சிக்கல் இருக்கு. வேலைநிறுத்தத்தப் பத்தின பாட்டுல 'வேலைநிறுத்தம்'ங்கற வார்த்தையே இருக்காது. மில்லு கேட்டு, சங்கு, துரை, அடுப்பு எரியலன்னு இருக்கும். அது வேலைநிறுத்தப் பாட்டுன்னு படிச்ச மனுஷன் ஒருத்தர் எழுதி வெச்சாத்தான் தேடறவங்களுக்குக் கிடைக்கும்.

ஆர்க்கைவ்ல ஏத்தறது நல்லதுதான், அங்கயும் தலைப்பு, ஆக்கியவர், தேதி, பொருள்னு கேக்கத்தான் போறான். ஷீட்டு சுத்தமா இருந்தா அப்படியே மொத்தமா ஏத்திடலாம்.

நைட் ஷிஃப்ட்:

ஷேரிங் பத்தி கேட்டிருந்தல்ல, அதுக்கு ஓஏஐ-பிஎம்எச்னு ஒரு ப்ரோட்டோகால் இருக்கு, 2002லேந்து இதே 2.0 வெர்ஷன்தான் ஓடிட்டு இருக்கு. உன் ஸ்கேன் ஃபைல யாருக்கும் தூக்கிக் குடுக்க வேண்டாம், அவங்க சிஸ்டம் உன் சிஸ்டத்துக்கு வந்து அட்டைய மட்டும் அள்ளிட்டுப் போகும், படிக்கறவங்க க்ளிக் பண்ணா உன் பக்கத்துக்கே வருவாங்க. அதுல எல்லாரும் குடுத்தே ஆக வேண்டிய குறைஞ்சபட்ச ஃபார்மட் டப்ளின் கோர்தான், அதனாலதான் மேடம் அங்கேந்து ஆரம்பிக்கச் சொல்றாங்க. டிஸ்பேஸ்ல இது உள்ளயே வரும், ஒமேகால ப்ளக்இன் போட்டுக்கலாம். 640 ஐட்டத்துக்கு என் ஓட்டு ஒமேகாவுக்கு, சாதாரண ஹோஸ்டிங்லயே ஓடும். டிஸ்பேஸ் போட்டா சர்வர பாத்துக்கவே ஒரு ஆள் வேணும்.

பெரம்பூர் பையன்:

நைட் ஷிஃப்ட் அண்ணா, நீங்க ஜோசியரா? எங்க ஆளு ஒருத்தரு டிடிபி கடை வெச்சிருக்காரு, பழைய ஃபாண்ட்ல அடிச்சு கன்வெர்ட்டர்ல மாத்திதான் அனுப்புவாரு. நார்மலைஸ் பண்ணதும் 'தொழிலாளர்'னு தேடுனா 31 வந்துது, முன்னாடி 12தான். அந்த மலரும் அதுல இருக்கு.

மேடம் சொன்ன பேர்ப் பட்டியலுக்காக முதல்ல 20 மட்டும் எடுத்து மூணு பேரும் தனித்தனியா அட்டை எழுதி ஒப்பிட்டுப் பாத்தோம். ஒரே சண்டை, ஆனா இப்ப பேர்ப் பட்டியல் ஒண்ணு ரெடி.

ஒரு டவுட்டு மட்டும். ஒரு பாட்டுப் புத்தகத்துல தலைப்புப் பக்கம் பாதி கிழிஞ்சிருக்கு, 'விரோதி வருஷம் மாசி மாதம்'னு மட்டும் இருக்கு, இங்கிலீஷ் வருஷம் இல்ல. விரோதி 60 வருஷத்துக்கு ஒரு தடவை வரும், அப்ப 1889ஆ 1949ஆ? விலை காலணா, அது ரெண்டுக்கும் பொருந்துது. ஆனா உள்ள ஒரு பாட்டுல மின்சார டிராம்ல டிக்கெட் எடுக்காம போயி மாட்டிக்கறவன் வரான். சென்னைல மின்சார டிராம் 1895லதான் வந்துது, 1953ல நிறுத்திட்டாங்க. அதனால 1949னு போட்டுட்டேன். கரெக்டா?

கார்டு பெட்டி:

டிராமப் பிடிச்சியே, சபாஷ். ஆனா மாசின்னு இருக்கே தம்பி. விரோதி பொறந்தது 1949 சித்திரைல, மாசி வரும்போது இங்கிலீஷ் வருஷம் மாறிடுச்சு, பிப்ரவரி மார்ச் கணக்கு. 1950ன்னு திருத்து, பக்கத்துல ஒரு கேள்விக்குறி போடு. டிராம் விஷயத்தயும் குறிப்புல எழுதி வை, அடுத்து வர்றவங்க ஏன் 1950ன்னு கேப்பாங்க.