தேடலில் முதல் பத்தியா, தேடிய இடமா?

வரிப்புலி:
"தேடல் முடிவில் கட்டுரையின் முதல் பத்தி தெரிந்தால் போதும், தேடிய சொல்லைச் சுற்றி வரியைப் பிடுங்கிக் காட்டுவது பகட்டு, தளம்தான் மந்தமாகும்" என்று நேற்று ஒரு மகான் அருளியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல். வலைப்பதிவு மென்பொருளான வேர்ட்பிரஸ் அதைத்தானே செய்கிறது? தனியாகச் சுருக்கம் எழுதி வைக்காவிட்டால், எதைத் தேடினாலும் பல தீம்களில் (தள வடிவமைப்புகளில்) பதிவின் முதல் 55 சொல்தான் வரும். நான் தேடிய சொல் கட்டுரையின் வாலில் இருந்தால்? ஒவ்வொரு பக்கமாகத் திறந்து கன்ட்ரோல் எஃப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதற்குத் தேடல் பெட்டி எதற்கு?

பழையசர்வர்:
அந்த மகான் நான்தான். மந்தமாகும் என்றேன், மந்தமாகத்தான் ஆகும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் தேடிய சொல்லைச் சுற்றி வரியை வெட்டித் தரும் டிஎஸ்_ஹெட்லைன், தேடலுக்கென்று முன்கூட்டியே தயாரித்து வைத்த இன்டெக்ஸைத் தொடுவதே இல்லை, மூல உரையை மறுபடி படித்துத்தான் வெட்டுகிறது. மெதுவாக இருக்கலாம் என்று அவர்கள் கையேட்டிலேயே இருக்கிறது. படித்துவிட்டு வந்து புலியாக உறுமுங்கள்.

வரிப்புலி:
கையேட்டை நீங்கள் பாதியில் மூடிவிட்டீர்கள் போல. பக்கத்துக்குப் பத்து முடிவு என்றால் பத்து உரைக்கு மட்டும் அது ஓடினால் போதும். தரவுத்தளத்திடம் கேட்கும் உள் குவெரியில் வரிசைப்படுத்தி, பத்தோடு நிறுத்த லிமிட் போட்டு, அப்புறம் வெளியே ஹெட்லைன். நீங்கள் பொருந்திய அத்தனை பதிவுக்கும் ஓடவிட்டுவிட்டு மந்தம் மந்தம் என்று புலம்பியிருப்பீர்கள்.

நடுக்கோடு:
முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோமே. சுருக்கம் என்பது எல்லாத் தேடலுக்கும் ஒன்றுதான், தேடிய சொல்லைச் சுற்றி வெட்டும் துணுக்கு தேடலுக்குத் தேடல் மாறும். இருவரும் வெவ்வேறு பொருளைப் பற்றி...

பழையசர்வர்:
லிமிட் போட்டாலும் மந்தம்தான். அந்தப் பத்தும் நூற்றுக்கணக்கான பக்கமுள்ள பிடிஎஃப் உரையாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

வரிப்புலி:
அதற்குத்தான் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளில் எந்தச் சொல் உரையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை இன்டெக்ஸிலேயே சேமிக்க வழி இருக்கிறது. முழு உரையையும் திரும்ப அலச வேண்டியதில்லை. நீங்களாக மாற்றாவிட்டால் ஒரு துண்டு சுமார் 100 எழுத்து, அதிகம் போனால் 5 துண்டு. இதற்கா உங்கள் சர்வர் மூச்சு வாங்குகிறது?

ஒற்றெழுத்து:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். வெட்டுகிற இடத்தை யாராவது பார்க்கிறீர்களா? பிஎச்பி நிரல்மொழியில் உரையை வெட்டும் வெறும் சப்ஸ்டர், எழுத்தைப் பார்க்காமல் பைட் கணக்கில் வெட்டும். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், நடுவில் கத்தி விழுந்தால் கடைசியில் கேள்விக்குறி வைரம்தான். பைட்டை விட்டுக் குறி கணக்கில் வெட்டும் எம்பி_சப்ஸ்டர் போட்டாலும் புள்ளி கழன்று 'தேடல்' 'தேடல' ஆகி நிற்கிறது.

வரிப்புலி:
அது வெட்டத் தெரியாதவர் குற்றம். சொல் எல்லையில் வெட்டுங்கள், முடிந்தது. பத்து உரை என்ற பேச்சை யாரும் மாற்ற வேண்டாம்.

ஒற்றெழுத்து:
'முடிந்தது' என்று சொல்ல நீங்கள் யார்? உங்கள் தளத்திலேயே போன மாதம் துணுக்குகள் கொம்பில்லாமல் கிடந்தன. நான் சுட்டிக்காட்டியதற்குப் பதில்கூட வரவில்லை.

வரிப்புலி:
தீம் எழுதியவரைக் கேளுங்கள். என்னிடம் வேண்டாம்.

பழையசர்வர்:
பார்த்தீர்களா, வெட்டவும் வரவில்லை, மந்தமும் போகவில்லை. அந்த ஹெட்லைன் வெளியீட்டை அப்படியே பக்கத்தில் போடுவது பாதுகாப்பில்லை என்றும் கையேடு சொல்கிறதே, அதை ஏன் விழுங்கினீர்கள்? யாரோ எழுதிய பதிவுக்குள் உலாவியில் ஓடும் ஸ்கிரிப்ட் இருந்தால் அதுவும் சேர்ந்து வரும்.

வரிப்புலி:
ஸ்கிரிப்ட் ஓடாமல் வெறும் எழுத்தாகத் தெரியும்படி எஸ்கேப் செய்யத் தெரியாதவர் தேடல் பக்கமே கட்ட வேண்டாம். முன்பு நடந்த கேச் விவாதத்திலும் இப்படித்தான், தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் பாதுகாப்பு என்று கிளம்பினீர்கள். குவெரிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் ஓட்டி இங்கே ஒட்டுங்கள், பார்ப்போம்.

பழையசர்வர்:
கேச் விவாதத்தில் ஓடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும். நீங்கள் கேட்டதும் ஓட்டிக் காட்ட நான் உங்கள் ஊழியனா? லிமிட் போட்டாலும் மந்தம்தான்.

நடுக்கோடு:
சுருக்கம் வேறு, துணுக்கு வேறு என்று மேலே ஒன்று சொன்னேன்...

வரிப்புலி:
பத்து உரை ஐயா. பத்தே பத்து.