டிஸ்ப்ளே கேலிபரேஷன்: திரை அளவுதிருத்தமா, திரைச்செப்பமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

நாம் தமிழாக்கும் மென்பொருளின் மெனுவில் 'டிஸ்ப்ளே கேலிபரேஷன்' என்பதற்குத் 'திரை அளவுதிருத்தம்' வேண்டாம். அளவு என்றதும் பயனர் ரெசல்யூஷனை, அதாவது திரையின் புள்ளி எண்ணிக்கையைத் தேடிப் போவார். 'நிறத்திருத்தம்' என்பதும் ஒத்துவராது. படத்தின் நிறத்தை மாற்றும் வேலைக்கு அது ஏற்கெனவே வழங்குகிறது. இங்கே படத்தைத் தொடுவதே இல்லை. திரையைத்தான் ஒரு தெரிந்த நிலைக்குக் கொண்டுவருகிறோம்: வெண்புள்ளி டி65 (பகல் வெளிச்சத்தின் வெண்மை), காமா 2.2 (கருமையிலிருந்து வெண்மைக்கு ஏறும் வளைவு), வெளிச்சம் சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலா. அதனால் 'திரைச்செப்பம்' என்கிறேன். திரை நிறங்களை எப்படிக் காட்டுகிறது என்று பதிந்துவைக்கும் கோப்பான கலர் புரொஃபைலைச் 'சுயவிவரம்' என்பதும் தவறு, அது ஆளைப் பற்றியது. 'நிறக்குறிப்பேடு' என்று வைக்கலாம். வண்ணத்தைவிட நிறம் பொருந்தும். நிறமாலை, நிறமி எல்லாம் முன்பே இருக்கின்றன, பக்கத்து மலையாளத்திலும் நிறம் நிறம்தான்.

நகரியிலிருந்து:

அக்கா, நிறம் சரி. செப்பம்தான் இடிக்கிறது. சாலையைச் செப்பனிடுவது என்றால் பழுது பார்ப்பது. திரை கெட்டுவிட்டது என்று நினைக்க மாட்டார்களா? தெலுங்கில் 'க்ரமாங்கனம்' என்கிறார்கள். அதுபோல அளவைச் சுட்டும் சொல்லாக இருந்தால் நல்லது. தவிர, செப்பம், குறிப்பேடு என்று இரண்டு சொல் எதற்கு? நிறத்தை அளக்கும் கலரிமீட்டரைத் திரையில் தொங்கவிட்டால் மென்பொருள் இரண்டையும் ஒரே ஓட்டத்தில் முடித்துவிடுகிறதே.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

தம்பி, ஒரே ஓட்டத்தில் நடப்பதால்தான் குழப்பமே. மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு, வெளிச்சத்தையும் நிறத்தையும் தானாக மாற்றும் டைனமிக் கான்ட்ராஸ்ட், நைட் லைட் இரண்டையும் அணைக்கிறோம். வெளிச்சத்தையும் சிவப்பு, பச்சை, நீலத்தின் வலுவையும் (கெயின்) மானிட்டர் பொத்தானிலேயே சரிசெய்கிறோம். மிச்சம் இருக்கும் சிறு பிசகு மட்டும் கிராபிக்ஸ் கார்டில் நிற எண்களைத் திருத்தி அனுப்பும் அட்டவணைக்குப் போகிறது. பொத்தானைத் தொடாமல் எல்லாவற்றையும் 256 படிகளே உள்ள 8 பிட் அட்டவணையின் தலையில் கட்டினால் சாம்பல் நிறச் சரிவு படிக்கட்டாகத் தெரியும். இதுவரை நடந்தது செப்பம்.

பிறகுதான் மென்பொருள் நிறக்கட்டங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, எந்த எண்ணுக்கு எந்த நிறம் வருகிறது என்று அளந்து எழுதுகிறது. அது குறிப்பேடு. அது திரையை மாற்றாது. அதைப் படிக்கத் தெரிந்த செயலிதான் தன் நிறங்களை அதற்கேற்ப மாற்றி அனுப்பும். அதிக நிறங்களைக் காட்டும் வைட் காமட் மானிட்டருக்கு, சாதாரணத் திரைக்கான எஸ்ஆர்ஜிபி குறிப்பேட்டைப் போட்டால் உங்கள் ஊர் அரக்குப் புடவை ரத்தச் சிவப்பாகக் கொதிப்பது இதனால்தான்.

சில விளையாட்டுகளும் டிரைவர் புதுப்பிப்பும் கார்டின் அட்டவணையை அழித்துவிடும். அப்போது குறிப்பேடு இருக்கும், செப்பம் போயிருக்கும். குறிப்பேடு சொல்வதும் பொய்யாகிவிடும். ஒரே சொல் வைத்துக்கொண்டு இந்தக் கோளாறை உதவிப் பக்கத்தில் எப்படி எழுதுவீர்கள்?

செப்பனிடுதல் பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் குறளில் நடுவு நிலைமை அதிகாரத்தைப் பாருங்கள்: கோட்டம் இல்லாததுதான் செப்பம். சாம்பல் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்பதைத்தானே நாமும் தேடுகிறோம்! சாம்பல் ஏதோ ஒரு நிறத்தின் பக்கம் சாய்வதான கலர் காஸ்டுக்கு 'நிறக்கோட்டம்' என்ற சொல்லும் கூடவே கிடைக்கிறது.

நகரியிலிருந்து:

அட்டவணை அழிவதை நான் யோசிக்கவில்லை. இரண்டு சொல்லும் இருக்கட்டும் அக்கா. நிறக்கோட்டம் மிகப் பொருத்தம். வினையை மட்டும் 'செப்பம் செய்' என்றே எல்லா இடத்திலும் எழுதுவோம், 'செப்பனிடு' வேண்டாம். பழைய கோப்பில் காமட் (திரை காட்டக்கூடிய நிறங்களின் வரம்பு), கலர் ஸ்பேஸ் (நிறங்களை எண்களால் குறிக்கும் முறை) இரண்டுக்கும் 'நிறவெளி' என்றே இருக்கிறது. அதைக் கலர் ஸ்பேஸுக்கு விட்டுவிட்டு, காமட்டை 'நிறவெல்லை' என்று மாற்றட்டுமா?