‘பதில் வேண்டா அழைப்பு’ என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு நிரல் இன்னொன்றிடம் வேலையைக் கொடுக்கும்போதே ‘பதில் வேண்டாம்’ என்று சொல்லிவிடும் அழைப்புக்குத் தமிழில் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். ‘ஒருவழிச் செய்தி’ போதுமே என்று இருவர் எழுதியிருந்தீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. பதில் வராமல் போனாலும் ஒருவழி, பதிலே கேட்காவிட்டாலும் ஒருவழி. நாம் பெயர் தேடுவது இரண்டாவதற்கு. ‘பதிலிலா அழைப்பு’ என்றால் சர்வர் படுத்துவிட்டதோ என்று தோன்றும்.

டக்சீடோவையே எடுத்துக்கொள்வோம், ஒரு நிரல் இன்னொன்றின் சேவையை அழைக்க உதவும் மென்பொருள் அது. 1980களில் பெல் ஆய்வகத்தில் பிறந்து, இப்போது ஆரக்கிளிடம் இருக்கிறது. அதில் டிபிகால் என்று அழைத்தால் பதில் வரும்வரை நிரல் காத்து நிற்கும். டிபிஏகால் நிற்காது, டோக்கன் மாதிரி ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். அதைக் காட்டி டிபிகெட்ரிப்ளை மூலம் பதிலை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். ஆகவே ‘ஒத்தியங்கா அழைப்பு’ (அழைத்துவிட்டுக் காத்து நிற்காதது) என்பதாலேயே பதில் கிடையாது என்று ஆகாது. டிபிநோரிப்ளை என்ற ஃபிளாகையும், அதாவது ‘பதில் வேண்டாம்’ என்று அழைப்போடு தரும் குறியையும், போட்டால்தான் டோக்கன் இல்லாமல் வெறும் 0 திரும்பும். அந்த 0-வுக்கும் ‘அனுப்பியாயிற்று’ என்றுதான் பொருள், வேலை முடிந்தது என்றல்ல.

பரிவர்த்தனைக்குள், அதாவது எல்லாப் படிகளும் சேர்ந்து தேற வேண்டும், இல்லையேல் எல்லாமே ரத்தாக வேண்டும் என்ற தொகுப்புக்குள், டிபிநோரிப்ளையைத் தனியாகப் போட முடியாது. ‘இந்த அழைப்பைப் பரிவர்த்தனையில் சேர்க்காதே’ என்னும் டிபிநோட்ரான் ஃபிளாகும் கூடவே வேண்டும். நியாயம்தான்: பதிலே கேட்காத வேலை தேறியதா தோற்றதா என்று தெரியாமல் எதை நம்பிக் கமிட் செய்வது, அதாவது எல்லாவற்றையும் நிலைப்படுத்துவது? அதனால் அந்த அழைப்பு பரிவர்த்தனைக்கு வெளியே போய்விடுகிறது. நான் இதில் ஒருமுறை மாட்டினேன். பணம் கழித்த கையோடு ‘ரூ. 500 எடுக்கப்பட்டது’ என்று எஸ்எம்எஸ் அனுப்பும் சேவையை இப்படி அழைத்திருந்தேன். அடுத்த படியில் பிழை, கணக்கு பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. எஸ்எம்எஸ் போனது போனதுதான். பிறகு அந்தச் செய்தியை, வரிசையில் சேர்க்கும் டிபிஎன்கியூ வழியாகப் போட்டேன். பரிவர்த்தனைக்குள் போட்ட செய்தி கமிட் ஆனால்தான் வெளியே வரும்.

சரி, பெயருக்கு வருவோம். பதில் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்வது அழைப்பவர். பெயரில் அது தெரிய வேண்டும். ‘பதில் கேளா’ என்றால் பதில் காதில் விழாதது போலவும் படுகிறது. ‘பதில் கோராக் கோரிக்கை’ நாக்கைச் சுற்றுகிறது. என் ஓட்டு ‘பதில் வேண்டா அழைப்பு’க்கு. இதோடு ‘ஒத்தியங்கா’வைச் சேர்க்க வேண்டியதில்லை, பதிலே வேண்டாதவர் எதற்காகக் காத்திருப்பார்? ஆனால் சுருக்குகிறேன் என்று ‘பதில்’ஐ வெட்டிவிடாதீர்கள். ‘வேண்டாத அழைப்பு’ என்பது மத்தியானத் தூக்கத்தில் கிரெடிட் கார்டு விற்க வருவது.

ஃபிளாகுக்கு ‘பதில் வேண்டாக் கொடி’. க் மிகும், ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் அல்லவா.