முயலுக்கு கேரட்தானே சாப்பாடு?

சத்துவாச்சாரி அம்மா:
என் பொண்ணு ரெண்டாவது படிக்கிறாள். கார்ட்டூன்ல முயல் எப்பவும் கேரட்டும் கையுமாத்தான் வருது. அதைப் பார்த்து அடம்பிடிச்சு ஒரு வெள்ளை முயல் வாங்கினோம். தினம் ரெண்டு கேரட், கொஞ்சம் சோறு. டிவியில மந்திரவாதி தொப்பியிலிருந்து எடுக்கிற மாதிரியே காதைப் பிடிச்சுத் தூக்குவாள். போன வாரம் கழிச்சல். இப்போ மூலையிலேயே குந்தியிருக்கு. என்ன கொடுக்கிறது?

அணைக்கட்டு தாத்தா:
அம்மாடி, நான் கால்நடை ஆய்வாளரா இருந்து ஓய்வு பெற்றவன். காலையில புழுக்கை போட்டதா? முதல்ல அதைப் பாரு. டிவி முயல் புழுக்கையே போடாது. நிஜ முயலோட உடம்பு நிலவரம் பூரா அதுலதான் தெரியும். சிறுத்துப்போனாலோ, அரை நாள் எதையும் கடிக்காம இருந்தாலோ நாளைக்குப் பார்க்கலாம்னு விடாதே, உடனே டாக்டர்கிட்ட போ. முயல் நோவைக் காட்டிக்காது. காட்டுல சோர்ந்து தெரிஞ்சா நரி கவ்விடும்; அந்தப் பயம் கூண்டுக்குள்ளயும் போகாது. கார்ட்டூன்ல அழுது காட்டுதே, பிள்ளை அதுக்காகத்தான் காத்திருக்கும்.

புல்லுதான் அதுக்குச் சாப்பாடு. அருகம்புல்லும் காய்ஞ்ச புல்லும் எந்நேரமும் முன்னால கிடக்கணும். முயல் பல்லு ஆயுசு முழுக்க வளரும், புல்லை அரைச்சாத்தான் தேயும். கேரட்டுல சர்க்கரை, எப்பவாவது ஒரு சின்னத் துண்டு போதும். சோறு வேண்டாம்.

காதைப் பிடிச்சா ரொம்ப வலிக்கும். உதறினா முதுகெலும்பே முறியலாம். ஒரு கை நெஞ்சுக்கு அடியில, ஒரு கை பின்னங்காலைத் தாங்கி, அப்படித் தூக்கச் சொல்லு.

காட்பாடிக்காரன்:
அக்கா, கூண்டு எங்க இருக்கு? கத்திரி வெயில்ல நான் ஷீட் கூரைக்கு அடியில வெச்சு ஒண்ணைச் சாகவிட்டேன். இன்னும் மனசு ஆறல. முயலுக்கு நம்மள மாதிரி வேர்க்காது, காது வழியாத்தான் சூட்டை வெளியே விடும். நம்ம ஊர்ல 40 டிகிரி தாண்டுற நாள்ல தாங்காது. வீட்டுக்குள்ள தரையில விடுங்க, பக்கத்துல ஈரச் சாக்கு தொங்கவிடுங்க.

சத்துவாச்சாரி அம்மா:
தாத்தா, பார்த்துட்டேன். ராத்திரியிலிருந்து நாலஞ்சுதான், மிளகை விடச் சின்னதா. புல்லு வெச்சும் மோந்துகூடப் பார்க்கல. ஆட்டோவுக்குச் சொல்லிட்டேன்.

அணைக்கட்டு தாத்தா:
கூடையில துணி விரிச்சு, மேல லேசா மூடி எடுத்துட்டுப் போ. அந்தப் புழுக்கையையும் காகிதத்துல மடிச்சு எடுத்துக்கோ, டாக்டர் பார்க்கணும். பொண்ணையும் கூட்டிட்டுப் போம்மா.